அக்கா செய்த போணி

குரல் போன பிறகும் பட்டப்பெயர் போகவில்லை. தொண்டையில் வந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. இப்போது அவன் பேசினால் டயரில் காற்று இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஆனாலும் கடையில் எல்லோருக்கும் அவன் 'வெண்கலம்'தான். வாசலில் நின்று அவன் "வாங்கம்மா!" என்றால் எதிர்ச்சாரியில் போகிறவர்கூடத் திரும்பிப் பார்த்த காலத்தில் வந்த பெயர். கூப்பிடுகிற யாருக்கும் அது உறுத்தவில்லை.

கடை அத்தானுடையது. கெட்டில், இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, மிக்சி என்று வீட்டுக்கு வேண்டியதெல்லாம் விற்கிற கடை. அத்தான் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், "குடோனப் பாத்துக்க மாப்ள. அங்க பேசவே வேண்டாம். உனக்குத் தோதா இருக்கும்" என்றார். வாயை வைத்தே பிழைத்தவனுக்கு வாயே வேண்டாத வேலை. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல், ஒரு குண்டு பல்பு. அதற்குப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அப்போது அவனுக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை. கொஞ்ச நாள் தவணை கேட்டான். "இப்ப குடோன்ல இருக்கறவர் வேலைய விட்டுட்டு ஊருக்குப் போற வரைக்கும் பாரு" என்றார் அத்தான்.

அக்கா வீட்டு மாடி அறைதான் அவன் ஜாகை. அங்கே உட்கார்ந்து பழைய லேப்டாப்பில் ஒரு தளம் தொடங்கினான். அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று பேர். நாம் ஒரு சாமானைப் பற்றி எழுதி, கீழே இணையக் கடையின் லிங்க்கைப் போட வேண்டும். அதைத் தட்டி யாராவது வாங்கினால் நமக்குக் கமிஷன். வாயால் விற்றதைக் கையால் விற்க வேண்டியது, அவ்வளவுதானே என்று நினைத்தான். அந்த லிங்க்கைத் தருவதற்கு அவர்கள் முதலில் நம்மைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

சேர்த்துக்கொள்ளவில்லை. "உங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்று ஆரம்பித்து, போதுமான கட்டுரைகள் இல்லை என்று முடித்திருந்தார்கள். நன்றி சொல்லிக்கொண்டே கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதற்கு ஒரு தனிப் படிப்பு இருக்கும் போலிருக்கிறது. இருபது கட்டுரை எழுதி மறுபடி விண்ணப்பித்தான். படங்கள் எல்லாம் கம்பெனியிலிருந்து எடுத்தவை, தளம் யாருடையது என்ற விவரம் இல்லை என்று மறுபடியும் நன்றி சொன்னார்கள். அத்தான் கடைக்குப் போய்ச் சாமான்களைத் தானே படம் பிடித்தான். தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதினான். 'கெட்டிலின் மூடி பட்டென்று திறக்கும், ஆவி கையில் அடிக்கும், பார்த்துத் திறங்கம்மா' என்று முன்பு கடையில் சொன்னதை அப்படியே எழுதினான். மூன்றாவது தடவை சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: அவர்கள் குறித்த தவணைக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள்.

தவணை கரைந்தது. தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்பே லேப்டாப்பைத் திறப்பான். பூஜ்யம். படியேறி வந்த அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் போணியாகலையாடா?"

இல்லை என்று தலையாட்டினான்.

"என்னடா இது, மூணு பேருக்கா பஞ்சம்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அடுத்த வாரத்தில் ஒரு கெட்டில் விற்றது. யார் வாங்கினார்கள் என்று தளம் சொல்லாது; என்ன விற்றது என்று மட்டும் சொல்லும். எங்கேயோ முன்பின் தெரியாத ஒருத்தர் தன் பேச்சை நம்பி வாங்கியிருக்கிறார் என்று அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னாலேயே ஒரு இஸ்திரிப் பெட்டி. அப்புறம் ஒரு மேஜை மின்விசிறி. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நேரே கடைக்குப் போய், ஆட்கள் எல்லாம் நிற்கும்போதே அத்தானின் காதருகில் சொன்னான்: "குடோனுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

"அடேங்கப்பா! மாப்ள முதலாளியாயிட்டாரு" என்றார் அத்தான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரிப்பில் மட்டும் சத்தம் இல்லை.

நாலாம் நாள் மெயில் வந்தது. மூன்று விற்பனையும் அவன் இருக்கும் வீட்டு இணைப்பிலிருந்தே நடந்திருக்கின்றன, சொந்த உபயோகத்துக்கு வாங்குவதும் உறவினர்கள் வாங்குவதும் விதிமீறல், கணக்கு மூடப்பட்டது. படித்ததும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. தடதடவென்று கீழே ஓடினான்.

அக்கா அடுக்களையில் இருந்தாள். அவன் கேட்கும் முன்பே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கண்டுபிடிச்சிட்டியா? உனக்கு நான் போணி பண்ணாம வேற யாருடா பண்ணுவா?"

பழைய துணி மூட்டைக்குப் பின்னாலிருந்து கெட்டிலை எடுத்துக் காட்டினாள். இஸ்திரிப் பெட்டியும் மின்விசிறியும் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருந்தன.

"எதுக்கு ஒளிச்சு வச்சிருக்க?" என்று காற்றாகக் கேட்டான்.

"கடைய வீட்ல வச்சுக்கிட்டு வெளிய வாங்கினேன்னு தெரிஞ்சா உங்க அத்தான் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "சும்மா உனக்காகத்தான் வாங்கலாம்னு திறந்தேன் தம்பி. படிக்கப் படிக்க, பார்த்துத் திறங்கம்மான்னு நீயே வாசல்ல நின்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. உன் குரல் கேட்டு எவ்வளவு நாளாச்சு! அதுக்காகவே மத்த ரெண்டையும் வாங்கினேன்."

அவனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கத்த வேண்டும் போலிருந்தது. கத்துவதற்குத் தொண்டை இல்லை. அவன் எழுத்தை நம்பி உலகத்தில் ஒரே ஒரு ஆள் வாங்கியிருக்கிறாள், அந்த ஆள் கணக்கில் சேராதவள்.

"நல்லபடியா நடந்துச்சாடா போணி?"

"நல்லா நடந்துச்சுக்கா" என்றான்.

மாடிக்கு வந்தான். முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரலாம் என்று மெயிலின் அடியில் இருந்தது. அதற்கான பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம்: 'வாங்கியவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?' ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். குடோனின் குண்டு பல்பு கண் முன்னால் வந்தது. ஆட்கள் சிரித்த சிரிப்பு வந்தது. 'வீட்டுக்காரம்மா. நான் அவர் மாடியில் குடியிருப்பவன். எந்த உறவும் இல்லை' என்று தட்டினான்.

அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் வாசலில் அக்கா, கையில் டீயோடு.

"புதுக் கெட்டில்ல போட்டது. ஆவி அடிக்கும்னு எழுதியிருந்தியே, துணி வச்சுத்தான் திறந்தேன்."

வாங்கிக் குடித்தான். நன்றாகத்தான் இருந்தது. லேப்டாப்பை மூடி வைத்தான்.

பதில் இரண்டு நாளில் வந்துவிட்டது. விளக்கத்துக்கு நன்றி, ஏற்பதற்கில்லை, இந்த முடிவு இறுதியானது. இதற்காகவா அப்படி எழுதினோம் என்று அவனுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

அத்தானிடம் அவன் கடையில் வைத்தே சொல்ல வேண்டியிருந்தது. வாசலில் லாரி இரைச்சல். "குடோனுக்கு வரேன்" என்றான். "என்ன? சத்தமா சொல்லு" என்றார் அவர். மறுபடி சொன்னான். மறுபடியும் கேட்கவில்லை. மூன்றாவது தடவைதான் அவர் காதில் விழுந்தது. அவர் எந்த விவரமும் கேட்கவில்லை. சாவிக் கொத்தை எடுத்து நீட்டினார்.

பில் போட நின்றிருந்த வாடிக்கையாளர் அம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இவரு யாரு? பேச வராதா?"

"என் சம்சாரத்தோட தம்பி" என்றார் அத்தான், அவன் தோளில் கை போட்டபடி. "முன்னாடி வெண்கலக் குரல். இப்ப ஒண்ணுக்கும் ஆகாது. என்ன பண்றது, சொந்தமாப் போயிட்டான். விட்டுட முடியுமா?"

அவன் சாவியை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போய்க் குடோனைத் திறந்தான்.