பதினோரு ரப்பர் பேண்டுகள்

போன வருடம் ஓசூரில் இருந்தபோது நடந்தது இது. என் அண்ணி ரோஜாப் பண்ணையில் பூக்கட்டு போடும் வேலை செய்கிறார். பல வருட ஆஸ்துமா. பண்ணையில் பூச்சிமருந்து அடித்த அன்று உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் புது ஊசி மருந்தைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணியை அந்தச் சோதனையில் சேர்த்தோம். சிலருக்கு அசல் மருந்து, சிலருக்கு வெறும் ஊசி. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

மூச்சு திணறி இன்ஹேலர் அடித்தால், அதை ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். அண்ணிக்கு எழுத வராது. வீட்டின் முதல் பட்டதாரி நான். அந்த நோட்டு என் பொறுப்பு, என் பெருமையும்கூட. இரண்டாவது ஊசிக்குப் பிறகு அண்ணி கால் நீட்டிப் படுத்துத் தூங்கினார். அதிகமாக எழுதினால் மருந்து கேட்கவில்லை என்று நீக்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். பரீட்சையில் மார்க் வாங்குகிற மாதிரி, இன்ஹேலர் அடித்ததாக அண்ணி சொன்ன சில நாட்களிலும் பூஜ்யம் போட்டுவிட்டேன்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா நோட்டைப் பார்த்து, "இந்த மாசம் நாலு தடவைதானா? பரவாயில்லையே" என்றார்.

"நாலு இல்லீங்க மேடம், பதினொண்ணு" என்றார் அண்ணி. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜையில் கொட்டினார். பூக்கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டுகள். ஒவ்வொரு தடவை அடித்ததற்கும் ஒன்று. என் பக்கம் திரும்பி, "டிகிரி படிச்சும் எண்ண வரலையா பாப்பா?" என்று சிரித்தார்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். இத்தோடு மருந்து நின்றது என்றே நினைத்தேன். அண்ணி முகமும் மாறியது. ஆனாலும் சொன்னார்: "நிறுத்துனா நிறுத்தட்டும் மேடம். நாளைக்கு வேற யாரோ இந்தக் கணக்கை நம்பித்தானே ஊசி போட்டுக்குவாங்க?"

டாக்டரம்மா நீக்கவில்லை. "எங்களுக்கு நல்ல பதில் வேணாம்மா, நடந்த பதில்தான் வேணும்" என்று நோட்டை என்னிடமே நீட்டினார். அழிக்கக் கூடாதாம். தப்பின் மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியானது, தேதி, கையெழுத்து. பூச்சிமருந்து அடித்த நாள், ஊரில் திருவிழா நாள் என்று அண்ணி ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொல்ல, நான் எழுதினேன்.

அண்ணிக்குப் போனது அசல் மருந்தா, வெறும் ஊசியா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒருநாள் அந்த மருந்து கடைக்கு வந்தால், அதை நம்பி வாங்குகிறவர்கள் என் அண்ணியையும் நம்புகிறார்கள் என்பதே, என் பட்டத்தைவிட எனக்குப் பெரிய பெருமை.