ஸ்டிக்கர் ஒட்டிய பொன்னேரிக் கத்தரிக்காய்

காய்கறி வண்டி தள்ளுகிறவனுக்குக் கை வலிப்பதில்லை, காதுதான் வலிக்கும். உங்களில் யாராவது தராசு பிடித்தவர் இருந்தால் என் வயிற்றெரிச்சல் புரியும்.

வடசென்னைக் காலடிப்பேட்டையில் முப்பது வருஷமாகத் தள்ளுகிறேன். பொன்னேரிப் பக்கத்திலிருந்து தேவகி தினமும் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் கத்தரிக்காய்க் கூடையோடு வந்து இறங்குவாள். சொந்த வயல், விடியலில் பறித்தது. ஒருநாள் வண்டியில் வைத்த காய் மத்தியானத்துக்குள் வளர்ந்து பக்கத்துப் பூசணியைக் கீழே தள்ளிவிட்டது. நம்பாதவர்கள் பூசணியைக் கேளுங்கள்.

அந்த வயலைக் கண்டெய்னர் லாரி நிறுத்தக் குத்தகைக்குக் கேட்டு ஓர் ஆள் அலைகிறான். இந்த மார்கழியும் காய் விற்காமல் போனால் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள் தேவகி.

மார்கழியில் மாம்பழம்

புது அடுக்குமாடி வீட்டம்மா ஒருவர் மாம்பழம் கேட்டார். இப்போது மரமே போர்வை கேட்கும், சித்திரை வரை பொறுங்கள் என்றேன். கத்தரி, அவரை எல்லாம் இந்தக் குளிரில்தான் ருசி என்று எடுத்தும் காட்டினேன். ஏசி கடையில் பிளாஸ்டிக் பெட்டியில் மாம்பழம் கிடைக்கிறதாம். எந்தக் கடலைத் தாண்டி, எத்தனை நாள் ஐஸில் கிடந்து வந்ததோ! பாடம் மட்டும் எனக்கு: “காசு குடுத்தா வருஷம் பூரா சித்திரைதான், தாத்தா.”

ஓட்டை

துறைமுகத்தில் வேலை பார்க்கும் பீட்டர், முந்தைய நாள் வாங்கிய கத்தரிக்காயோடு வந்து அதிலிருந்த ஓட்டையைக் காட்டினான். மருந்து கொட்டாத காய், புழுவே சாட்சி, அந்த இடத்தை நறுக்கி எறிந்துவிட்டுச் சமை என்றேன். மாற்றித் தர மாட்டேன் என்று அவன் பையிலேயே போட்டேன். எண்ணூர் ஆலைப் புகையை நாளெல்லாம் இழுக்கிறவனுக்கு ஒரு புழுவால் உடம்பு கெட்டுவிடுமாம். “புழு துன்னுட்டு வெச்ச மிச்சத்த நான் எதுக்கு துன்னணும், நைனா?”

ஸ்டிக்கர்

ஆத்திரம் தாங்கவில்லை. பக்கத்து வண்டியில் ஆப்பிள் விற்கும் காசிம் பாயிடம் பளபளவென்ற வெளிநாட்டு ஸ்டிக்கர்களை வாங்கி, கத்தரிக்காய் ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினேன். வாயே திறக்கவில்லை. பதினோரு மணிக்குள் கூடை காலி. மாம்பழம் கேட்ட அதே அம்மா இரண்டு கிலோ அள்ளிக்கொண்டு என்னைப் பாராட்டினார்: “இப்பதான் உங்ககிட்ட நல்ல சரக்கு வருது, தாத்தா.”

பிடிபட்டேன்

நாலு நாள் ஜோராக ஓடியது. ஐந்தாம் நாள் ஒட்டிக்கொண்டிருக்கும்போது தேவகி பார்த்துவிட்டாள். உன் வயல் தப்பிக்கத்தானே இதெல்லாம் என்றேன். அவள் நகத்தால் ஒவ்வொன்றாக உரித்தாள். கடைசி ஸ்டிக்கரை என் சட்டைமேல் ஒட்டிவிட்டுச் சொன்னாள்: “எம் பேர மறைச்சித்தான் எந்நெலத்த காப்பாத்தணும்னா, அதுல லாரியே நிக்கட்டும்ணா.”

சிலேட்டு

‘தேவகி வயல், பொன்னேரி’ என்று சிலேட்டில் எழுதி மாட்டினேன். அடுக்குமாடி அம்மா படித்துவிட்டு வெறுங்கையோடு போனார். மத்தியானமாகியும் பாதிக் கூடை அப்படியே இருந்தது. அப்போது பார்த்து பீட்டர் வந்தான். அடுத்த சண்டைக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அவன் காய்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். “அன்னிக்கு அந்தக் காய வூட்ல தூக்கிப் போடல நைனா, கருவாட்டுக் கொழம்புல போட்டாங்க. அதே மாதிரி ஓட்ட கீறதா பாத்து ரெண்டு கிலோ போடு.”

தேவகி இன்னும் வருகிறாள், லாரிக்காரனும் இன்னும் வயல் ஓரம் காத்து நிற்கிறான், நம்மூர்க் கத்தரிக்காய் நம்மூர் அடுப்பைச் சேர ஒரு புழு சிபாரிசு செய்ய வேண்டியிருக்கிறது.