சுப்பராயலுவின் குடத்தில் சவுரியம்மாளின் கை

சவுரியம்மாளை வாயாடி என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கியவள் நான்.

ஐம்பதுகளின் கடைசியில் முகையூர்ப் பக்கம் நரம்புச் சிலந்தி எங்களைப் பிடித்து ஆட்டியது. காலில் கொப்புளம் கிளம்பும். அது உடைந்தால் வெள்ளை நூல் மாதிரி புழு தலை நீட்டும். குச்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றித்தான் இழுக்க வேண்டும். அவள் புருஷன் இருதயராஜ் அப்படித்தான் படுத்த படுக்கையானான். அவளும் படுத்தால் பிள்ளைகளுக்குக் கேப்பைக் கூழ் ஏது?

விழுப்புரத்திலிருந்து வந்த சுகாதார ஆள், படிக்கிணற்றுத் தண்ணீரை இரட்டைத் துணியில் வடித்துக் குடித்தால் புழு வராது என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டு மறந்துபோனோம். அவள் மறக்கவில்லை.

கூலிக்குப் போன மல்லாட்டைக் கொல்லையில் எங்களுக்குக் குவளை கிடையாது. நிலக்காரர் சுப்பராயலுவின் ஆள் அங்கிருந்த படிக்கிணற்றில் மொண்டு வந்து மண்குடத்தைத் தூக்கி ஊற்றுவான்; நாங்கள் குனிந்து கையேந்திக் குடிப்போம். அன்று சவுரியம்மாள் முந்தானையை மடித்துக் கைமேல் விரித்தாள்.

வரப்பில் நின்ற சுப்பராயலுவுக்கு வந்ததே கோபம்! "இன்னாடி, என் தண்ணி உனக்குத் தீட்டா? துணிய எடு."

"தீட்டு இல்லீங்க, புழு. இந்தக் கெணத்துத் தண்ணிய உங்க வூட்ல குடிக்கிறீங்களா?"

அவர்கள் வீட்டுக்குத் தனிக் கிணறு. மனுஷன் ஆள் கையிலிருந்த குடத்தைப் பிடுங்கித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தரையில் வைத்தார். "இன்னிக்கி ஒருத்திக்கும் தண்ணி கெடையாது."

சவுரியம்மாள் நேராகப் போய் அந்தக் குடத்தை இரண்டு கையாலும் தொட்டுத் தூக்கினாள். எங்கள் கை பட்ட மண்குடம் அவர் வீட்டுக்குள் போகாது. அவர்கள் சட்டம்தானே?

"இனிமே இது எங்க குடங்க" என்றாள்.

எங்களை இறங்கவிடாத கிணற்றில் தன் கூழ்க் கலயத்தோடு இறங்கினாள். முந்தானையைக் கிழித்து, மடித்து, குடத்தின் வாயில் கட்டி, மொண்டு மொண்டு ஊற்றினாள். சுப்பராயலு வானத்தைப் பார்த்தார். மழை கறுத்துக்கொண்டு வந்தது. எங்களை விரட்டினால் மல்லாட்டை மண்ணிலேயே முளைத்துப்போகும். குடத்தை எங்களிடமே விட்டுவிட்டு வரப்போடு நடந்தார்.

"ஏன்டி பார்த்துக்கினு நிக்கிறீங்க? வாங்க."

பயந்துகொண்டேதான் போனேன். கொட்டாங்கச்சியில் வாங்கி, அந்தக் கொல்லையில் முதல்முறையாக நிமிர்ந்து நின்று தண்ணீர் குடித்தேன்.