விசைப்பலகையில் தங்கிவிட்ட சொல்

மச்சானின் காரியம் முடிந்த மறுநாள், அக்கா கடைச் சாவியோடு என் முன்னால் நின்றாள்.

"கம்ப்யூட்டர ஓட வச்சுக் குடுடா தம்பி. முகூர்த்த மாசம். ஷட்டர் இப்படியே கெடந்தா, செல்போன் கடைக்கு விட்டுருவேங்கிறாரு கட்டடக்காரரு."

ஆலங்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் இருக்கிற சின்ன டிடிபி கடை அது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் மச்சானின் விரலில்தான் இருந்தன. ஃபிளெக்ஸ் அச்சடிக்கக் கொடுத்துவிட்டுப் புதுக்கோட்டையிலிருந்து பைக்கில் திரும்பும்போது லாரி மோதிவிட்டது. அவருடைய கண்ணீர் அஞ்சலியை வேறு கடையில் அடித்தார்கள். படத்தை இழுத்து முகத்தை அகலமாக்கியிருந்தார்கள். அவர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். சுவரில் இன்னும் அந்த அகல முகத்தோடுதான் இருக்கிறார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அக்கா எட்டாம் வகுப்போடு முந்திரிக்கொட்டை உடைக்கப் போனவள். கல்யாணத்துக்குப் பிறகு, மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு பழகிக்கொண்டாள். நான் கணினி படித்தவன் என்பதால் டிவி ரிமோட் வரைக்கும் எல்லாவற்றையும் என்னிடம்தான் நீட்டுவார்கள்.

கடையைத் திறந்தோம். திரையின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு மச்சான் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்துபோய் இருந்தது. அக்கா அதைத் தொடாமல் சுற்றிலும் தூசி துடைத்தாள்.

அந்தக் கணினியில் முன்பு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனும் நான்தான். இப்போது ஹார்ட் டிஸ்க் கரகரத்தது. வேறொரு டிஸ்கை மாட்டி, இந்தக் கிழட்டு இயந்திரம் தாங்குகிற மாதிரி எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினேன். சட்டென்று எழுந்துகொண்டது. ஆனால் அதற்குத் தமிழ் தெரியவில்லை. பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்தால் எழுத்துக்குப் பதில் காலிக் கட்டங்கள் வரிசையாக நின்றன. மணமகன் கட்டம், மணமகள் கட்டம், ஊர் கட்டம்.

"என்னடா, எல்லாரையும் தொடச்சுட்டியா?" என்றாள் அக்கா.

"எழுத்துரு இல்லக்கா. இரு."

எழுத்துருவைப் போட்டதும் ஆட்கள் திரும்பினார்கள். அடுத்தது விசைப்பலகை. மச்சான் பயன்படுத்தியது, ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டினால் தமிழில் சொற்களைப் பட்டியலிடுகிற வகை. நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதை நினைவில் வைத்து மேலே கொண்டுபோகும். அதை நிறுவினேன். எடை குறைந்த அமைப்பில் இது தானாகத் தொடங்காது. தொடக்கத்தில் இயங்க வேண்டியவற்றோடு நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். மச்சானின் அமைப்புக் கோப்புகளில் எது தேவை, எது தேவையில்லை என்று தெரியாமல், மறைந்திருந்த கோப்புறைகளை அப்படியே அள்ளிப் புதிய டிஸ்கில் கொட்டினேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டேன்.

அதற்குள் முதல் ஆள் வந்துவிட்டார். மகளுக்குக் காதணி விழா. நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "தாய்மாமன் பேரு பெருசா இருக்கணும்மா. போன தடவ சின்னதாப் போட்டுட்டேன்னு பந்தியில ஒக்கார மாட்டேன்னுட்டானுக. எம்பேரு தெரியாட்டிக்கூடப் பரவாயில்ல."

அக்கா சிரித்தாள். மச்சான் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஃபிளெக்ஸின் உச்சியில் 'வாழ்த்துக்கள்' போட வேண்டும். முதலெழுத்தைத் தட்டினாள். கை நின்றது.

பட்டியலில் முதலாவதாக நின்றது: வாரேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் கடைக் கணினியிலிருந்து அக்காவின் போனுக்கு மச்சான் அனுப்புகிற செய்தி அது. "சோத்தப் போடு, வாரேன்." தினமும் அதே செய்தி. கோப்புறையோடு கோப்புறையாக நான் அள்ளிப் போட்டதில், அவர் பழக்கிய சொற்களும் வந்துவிட்டன.

"என்னாம்மா, நின்னுபோச்சு? கம்ப்யூட்டரா, நீயா?" என்றார் வந்தவர்.

"கம்ப்யூட்டர்தாங்க," என்றாள். பட்டியலில் இறங்கி 'வாழ்த்துக்கள்' எடுத்தாள்.

வந்தவர் போனபின் கேட்டேன்: "பழச எல்லாம் அழிச்சிரவாக்கா? ஒரு நிமிசம்தான்."

"ஒரு தடவ அனுப்பி வச்சது பத்தாதாடா?"

மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன். ஆனால் அழிக்காவிட்டாலும் அது தங்காது என்பது எனக்குத் தெரியும். அவள் வேறு சொல்லை எடுக்க எடுக்க, மச்சானுடையது கீழே இறங்கும். கடை ஓடினால் அவர் போய்விடுவார். அவர் இருக்க வேண்டுமானால் கடை நிற்க வேண்டும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

"கீழ போயிருச்சுடா."

சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மறுநாளிலிருந்து, காலையில் ஊதுபத்தி காட்டிவிட்டு, வெறும் பக்கத்தைத் திறந்து, அந்தச் சொல்லைப் பட்டியலிலிருந்து எடுத்து வைப்பாள். மேலே ஏறும்வரை எடுத்து எடுத்து வைப்பாள். பிறகு பக்கத்தை அழித்துவிட்டு வேலையைத் தொடங்குவாள். ஊதுபத்திப் புகை திரையின் மேல் போகும். புகைக்குப் பின்னால் அந்தச் சொல் தோன்றி மறைவதை நான் பார்க்காதது போலிருப்பேன்.

முகூர்த்தங்கள் நெருங்க, கூட்டம் ஏறியது. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஆள் நிற்கும். ஊதுபத்தியைக்கூட ஆட்கள் மேலே படாமல் காட்ட வேண்டியிருந்தது. ஒருநாள் நான் போனபோது, அக்கா பட்டியலில் கீழே கீழே தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டுடா போச்சு?"

"இன்னும் கீழக்கா."

அடுத்த பக்கத்துக்குப் போனாள். கடைசியில் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். எடுக்கவில்லை.

"இருக்குல்ல. இருக்கட்டும்," என்று சொல்லி, எதிரே நின்ற ஆளைப் பார்த்து, "சொல்லுங்க, மாப்பிள்ள வீடு எந்த ஊரு?" என்றாள்.

அக்காவிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. முதல் நாளே, தொலைந்துவிடுமோ என்ற பயத்தில், மச்சான் பழக்கிய கோப்பை என் மடிக்கணினியிலும் நகலெடுத்து வைத்துக்கொண்டேன். அதில் இன்னும் அந்தச் சொல்தான் முதலில் நிற்கிறது. அது இறங்கிவிடக் கூடாதென்று, துணைக்கால் போட்ட அந்த எழுத்தில் தொடங்குகிற வேறு சொற்களை எழுதாமலே பழகிவிட்டேன். இதை எழுதும்போது 'வாழ்த்துக்கள்' மட்டும் தவிர்க்க முடியவில்லை. அடித்த ஒவ்வொரு முறையும், பக்கத்திலேயே மச்சானின் சொல்லை ஒருமுறை எடுத்து வைத்து, அழித்தேன்.