ஏசாவின் பக்கம்

எரிந்துபோன மோட்டாரின் வயிற்றிலிருந்து கருகிய செம்புக் கம்பியை உருவிக்கொண்டே, "இந்த லேயாளையே எடுத்துக்குங்களேன்" என்று ஆரம்பிக்கிறார், மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தரும் காயில்காரர். "கட்டினவனுக்கே வேண்டாதவளா ஒரு வீட்ல ஆயுசு பூரா இருக்கணும்னா எப்படி இருக்கும்?" மோட்டாரை வாங்கிப்போக வந்த ஒருவர், பாவம், "எந்தத் தெரு அந்தம்மா?" என்று கேட்டுவிட்டார். "வேதத்துல இருக்கிறவங்கங்க" என்றார் இவர், சிரிக்காமல்.

அவருடைய கிறிஸ்தவ சபையில் சனிக்கிழமை மாலை வேதபாடம் நடக்கும். முறை வரும்போது, வேதத்தில் உள்ள யாராவது ஒருவரின் வாழ்க்கையை எடுத்துப் பேச வேண்டும். மற்றவர்கள் தாவீதுக்கும் யோசேப்புக்கும் முண்டியடிப்பார்கள். காயில்காரர் எடுப்பதெல்லாம் தோற்ற கட்சி. ராஜ்யத்தைக் கையில் வாங்கி நழுவவிட்ட சவுல்; யோனத்தானுக்குப் பிறந்த, இரண்டு காலும் முடமான மகன். எடுத்தவரை லேசில் விடமாட்டார். கடை திறக்குமுன் மேஜையருகே நின்றபடியே, வார்னிஷ் கறை படிந்த விரலை வரிக்கு வரி நகர்த்தி, அதே அதிகாரத்தை மாதக்கணக்கில் படிப்பார். "பாதியில விட்டுட்டு அடுத்தவர்கிட்ட போனா மரியாதையா இருக்காது" என்பார்.

"ஜெயிச்சவங்களையும் கொஞ்சம் எடுங்களேன் அண்ணே" என்று போதகர் ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

"அவங்களுக்குப் பேச ஆள் இருக்காங்க ஐயா."

இந்த ஆண்டு அவர் எடுத்தது ஏசாவை. ஏன் என்று அவர் மனைவி கேட்கவில்லை. வீட்டின் முன்னறையில் காயில்காரரின் அப்பா படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். சர்க்கரையில் கண் போய்விட்டது. நினைவும் ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. மூத்த மகனான காயில்காரர்தான் புரட்டிப் படுக்க வைக்கிறார், குளிப்பாட்டுகிறார், நகம் வெட்டிவிடுகிறார். கிழவர் தேடுவது சின்னவனை.

சின்னவர் தூர தேசத்தில் நல்ல வேலையில் இருக்கிறார். பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. அடிக்கடி போன் செய்வார், வருகிறேன் வருகிறேன் என்பார், லீவு கிடைக்காது. அவர் கிளம்பிய நாளில் கிழவர் அவரை வாசலிலேயே முழங்காலிட வைத்து, தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். காயில்காரர் அப்போது காரின் மேல் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். "வெளியூர் போறவங்களுக்குத்தானே கை வெச்சு அனுப்புவாங்க. நான் எங்க போனேன்?" என்று மனைவியிடம் பின்னால் சொன்னதோடு சரி.

ஏசாவின் முறை வந்த சனிக்கிழமை அவர் அதிகம் பேசவில்லை. "பசிச்சு வந்தவன் கூழுக்காக மூத்தவன் உரிமையை வித்துட்டான். தப்புதான். ஆனா கண்ணு தெரியாத அப்பாகிட்ட அண்ணன் மாதிரி நடிச்சு, அண்ணனுக்குரிய ஆசீர்வாதத்தை வாங்கிட்டுத் தம்பி ஊரை விட்டுப் போனப்புறம், அந்த அப்பாவை யாரு கையைப் பிடிச்சு வெளியில கூட்டிட்டுப் போனாங்க? தேடித் தேடிப் பார்த்தேன். எழுதலை." அதோடு உட்கார்ந்துவிட்டார். உரிமையை அலட்சியம் பண்ணக் கூடாது என்பதே பாடம் என்று போதகர் முடித்து வைத்தார். "சரிங்க ஐயா" என்று இவரும் தலையாட்டினார்.

மறுநாள் மத்தியானம் அப்பாவுக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தபோது, கிழவர் முகம் திடீரென்று மலர்ந்தது.

"சின்னவனா? வந்துட்டியா?"

கதவோரம் நின்ற மனைவி, "நீங்கதான்னு சொல்லுங்க" என்று மெல்லச் சொன்னார். காயில்காரர் துணியைக் கீழே வைத்தார்.

"வந்துட்டேன்பா."

கிழவர் அவர் கையைப் பிடித்துத் தடவினார். "ஏன்டா இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு?"

"அங்க வேலை அப்படிப்பா."

"கிட்ட வா." கை தட்டுத் தடுமாறி மேலே வந்தது. காயில்காரர் கட்டிலருகே முழங்காலிட்டுத் தலையைக் கொடுத்தார். கிழவர் ஜெபித்தார், பாதி சொல் காற்றாகவே போயிற்று. போகிற இடத்தில் குறைவில்லாமல் இருக்க வேண்டும், பிள்ளைகள் தழைக்க வேண்டும், வழியில் ஒன்றும் அணுகக் கூடாது.

அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்து, மகன் கேட்டார்: "அண்ணனுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா."

"அவனுக்கென்ன? அவன் இங்கதானே கெடக்கான்."

சொல்லிவிட்டுக் கிழவர் கண்ணயர்ந்தார். கை மட்டும் மகனின் தலைமேல் அப்படியே கிடந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, அந்த நேரத்தில் தம்பியைத் தவிர வேறு யாரும் கூப்பிடுவதில்லை. காயில்காரர் தலையை அசைக்காமலே பையைத் துழாவி, அதன் சத்தத்தை நிறுத்தினார்.