உடையார்பாளையத்து முந்திரிக் கம்பெனியில் ஒரு பகல்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். நான் பெரம்பலூர் தையல் கம்பெனி ஒன்றில் தைப்பவள். சூப்பர்வைசர் வேலையை ஏற்கிறேனா இல்லையா என்று அன்று மாலைக்குள் முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். இதுவரை இருந்தவர் கத்தியே வேலை வாங்கினார். எனக்கு நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். உடையார்பாளையம் முந்திரிக் கம்பெனியில் வேலை செய்யும் என் நாத்தனார் செல்விதான், “எங்க மேஸ்திரிய ஒரு நா வந்து பாருங்கண்ணி, அப்பறம் முடிவு பண்ணுங்க” என்றாள்.

அரியலூர் வரை சுமார் முப்பது கிலோமீட்டர். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள். அரியலூரில் பஸ் மாறினேன். டிக்கெட் கிழித்த கண்டக்டர், “முந்திரி வாங்கவாக்கா? பஸ் ஸ்டாண்டுல வாங்காதீங்க, வெல ஜாஸ்தி” என்றார். சாலையோரம் முந்திரித் தோப்புகள் தொடங்கியிருந்தன.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தேன். தகரக் கொட்டகைக்குள் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வேகவைத்துக் காயவைத்த கொட்டைகளைக் காலால் மிதிக்கும் மிஷினில் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கலாவும் ஒரு மிஷினில் இருந்தார். கொட்டை எண்ணெய் பட்டு அவர் விரல்களும் கறுத்திருந்தன.

சிறிது நேரத்தில் திவ்யா என்ற புதிய பெண்ணின் தட்டில் பருப்பெல்லாம் உடைந்து விழுந்தது. எங்கள் கம்பெனியாக இருந்தால் இந்நேரம் கூரை அதிர்ந்திருக்கும். அவளோ நிமிர்ந்து, “அக்கா, என் கை இல்லக்கா. கொட்ட சரியா வேகல” என்றாள்.

“வேக வச்சதே மேஸ்திரிதான்டி! ஒன் வேல போச்சு போ” என்றாள் செல்வி. கொட்டகையே சிரித்தது.

கலா எழுந்து வந்து, திவ்யாவின் மிஷினில் தாமே நாலைந்து வெட்டிப் பார்த்தார். அவையும் உடைந்தன.

“அவ சொல்றது சரிதான். அவசரத்துல நாந்தான் சீக்கிரம் எறக்கிட்டேன். எல்லாரும் வெட்டுறத நிறுத்துங்க, நேத்து பருப்புக்குத் தோல் உரிப்போம்.” அங்கேயே நின்று முதலாளிக்குப் போன் செய்து, தவறு தம்முடையது என்றார். பிறகு திவ்யாவிடம், “இதக் கொஞ்சம் முன்னாடியே சொன்னா என்னடி?” என்று மட்டும் கேட்டார்.

சாப்பிடும்போது அவரிடம், “எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டீங்களே, நாளைக்கு மதிப்பாங்களா?” என்று கேட்டேன்.

“அவ பயந்து வாய மூடிட்டு இருந்தா மூட்டையே வீணாயிருக்கும். அப்ப யாருங்க மதிப்பா?” என்று சொல்லிவிட்டு, என் இலையில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

எங்கள் கம்பெனியில் அளவு தப்பு என்று தெரிந்தே வாய் திறக்காமல் தைத்து முடித்த சட்டைகளை நினைத்துக்கொண்டேன். மாலை அரியலூர் பஸ் நிலையத்தில் இருந்து எங்கள் முதலாளிக்குப் போன் செய்தேன்.

“ஏத்துக்கறேங்க சார். ஆனா தப்புன்னு பட்டா பொம்பளைங்க எங்கிட்ட தைரியமா சொல்லணும். நான் திட்ட மாட்டேன்.”

“சொல்லட்டுமே. எங்கிட்டயுமா வந்து சொல்லுவாங்க?” என்று சிரித்தார்.

“ஆமாங்க சார். உங்ககிட்டயுந்தான்.”

 “சரி, திங்கக்கெழம சீக்கிரமா வந்துருங்க” என்றார்.