குதிரைக்குத் தலை இழுத்த மச்சாள்

ஸ்ரௌவ்வில் என்கிற ஊரில் புதுவீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஒரு குதிரை லாயம் இருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்காபரோவிலிருந்து அங்கே போய்க் குதிரை ஓடப் பழகினேன். தொடங்கும்போதே வயது ஐம்பது தாண்டிவிட்டது. கோயில் வாசலில் கேட்பார்கள், "என்ன, ரேஸுக்கோ?" என்று. ரேஸ் இல்லை, றாஞ்ச் றைடிங். மாட்டுப்பண்ணையில் வேலை செய்கிற குதிரை எப்படிப் போகுமோ அப்படி ஓடிக் காட்டுவது. நடை, ஓட்டம், சட்டென்று நிற்பது, பின்னுக்குப் போவது, தரையில் கிடக்கும் மரக்கட்டைகளைக் கடப்பது. சின்னப் பிள்ளைகளும் ஓடலாம், என்னைப் போன்றவர்களும் ஓடலாம். அவரவர் தரத்துக்கு ஒரு பிரிவு உண்டு.

என்னுடைய குறை ஒன்றுதான். கடிவாள வாரை இறுக்கிப் பிடித்துவிடுவேன். இந்த ஓட்டத்தில் வார் தொய்ந்து கிடக்க வேண்டும், குதிரை தன்பாட்டில் போக வேண்டும். லாயத்தில் என்னைப் பழக்குகிற பெண் கடைசியில் சொல்லிவிட்டாள்: லாயத்துப் போட்டியில் வாரைத் தளர்த்தி ஓடினால் வெளிவயலுக்குப் போகலாம், இல்லையென்றால் இந்தக் கோடையும் வேலிக்குள்தான். வேலிக்குள் சுற்றிச் சுற்றி எனக்கு அலுத்திருந்தது.

போட்டியன்று அண்ணனின் மனைவி பார்க்க வந்தார்; எனக்கு அவர் மச்சாள், அவருக்கு நானும் மச்சாள். எங்கள் குடும்பத்துக் கலியாணப் பெண்களையெல்லாம் தலை இழுத்து, சேலை உடுத்தி வெளிக்கிடுத்துகிறவர் அவர்தான். நான் சப்பாத்து மாற்றிவிட்டு வருவதற்குள் குதிரையின் பிடரியில் தேங்காய் எண்ணெய் தடவிப் பின்னி, சிவப்பு ரிபன் கட்டி, குளம்புகளையும் மினுக்கியிருந்தார்.

"மச்சாள், என்ன வேலை பாத்தனீங்கள்!"

"ஏன், தலை இழுத்துப் பின்னாமலோ சபைக்குக் கொண்டு போறது? பாக்கிற சனம் என்ன சொல்லும்?"

பழக்குகிற பெண் ஓடி வந்தாள். பின்னலும் மினுக்கமும் இந்தப் பிரிவில் ஆகாதாம். குதிரை வேலையிலிருந்து நேரே வந்தது போல இருக்க வேண்டுமாம். மச்சாளுக்குச் சொன்னேன்.

"அப்ப உழுதிட்டு வந்த மாடு மாதிரியோ நிக்கோணும்?"

"ஓம், அப்பிடித்தான்."

"விசர்ச் சனம்," என்றார். என்றாலும் ரிபனை முதலில் அவிழ்த்தவர் அவர்தான். இரண்டு பேருமாகப் பின்னலைக் கலைத்து முடிக்கவும் என்னைக் கூப்பிடவும் சரியாக இருந்தது.

கையெல்லாம் எண்ணெய். மரக்கட்டைகளுக்கு முன் வழக்கம்போல வாரை இழுத்தேன். அது வழுக்கிக்கொண்டு போய்விட்டது. குதிரை தலையைத் தாழ்த்தி, கட்டைகளைப் பார்த்து, தன்பாட்டில் கடந்தது. ஒரு கட்டையில் மட்டும் குளம்பு தட்டியது.

"கயித்தைப் பிடியுங்கோ மச்சாள்! விழப்போறியள்!" வேலியோரமிருந்து அண்ணன் மனைவியின் சத்தம்.

அடுத்து நிற்கவேண்டிய இடத்தில் நின்றதும் கையைக் காற்சட்டையில் அழுத்தித் துடைத்தேன். இப்போது இறுக்கிப் பிடிக்கலாம். பிடிக்கவில்லை. தொய்ந்த வாரோடு மீதியை ஓடினேன்.

கடைசிக்கு முந்திய இடம் கிடைத்தது. பழக்குகிற பெண் வந்து வேலிக் கதவைத் திறந்துவிட்டாள். வெளிவயலில் உண்ணி இருக்கும், அடுத்த ஞாயிறு நீளக் காலுறை போட்டு வா என்றாள்.

மச்சாள் என் காதுக்குள் கேட்டார், "வயலுக்கெண்டால் தலை இழுக்கலாமோ? கேளுங்கோ."

கேட்டேன். அங்கே யாரும் புள்ளி போடுவதில்லை என்றாள்.

அடுத்த ஞாயிறு, குதிரை பின்னலோடுதான் வயலுக்குள் இறங்கியது.